பதினோரு மாதத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கிற வீடு

1

எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை உண்டு. எந்தக் காலண்டரிலும் அதற்குச் சிவப்பு மை கிடையாது. தீபாவளி வருஷத்துக்கு ஒருமுறை வரும். எங்கள் பண்டிகை பதினோரு மாதத்துக்கு ஒருமுறை. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் முன்னால் நழுவி, வெயிலுக்குள் புகுந்து, மழையில் நனைந்து, பலாப்பழக் காலம், மாம்பழக் காலம் என்று எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று தொட்டுவிட்டது. என் மகள் யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்கு ஒரு பெயர் வைத்தாள்: சாவி நாள்.

அன்றைக்குக் காலையில் குளித்து, நல்ல துணி உடுத்தி, மாடி வீட்டைப் பூட்டிவிட்டு, சாவிக் கொத்தைக் கீழே குடியிருக்கும் ஹரிஹரன் மாமாவிடம் கொடுப்போம். அவர்தான் வீட்டின் சொந்தக்காரர். அதை ஒரு பித்தளைத் தட்டில் சாமி படங்களுக்கு முன்னால் வைப்பார். நாங்கள் கோயிலுக்குப் போவோம், ஹோட்டலில் சாப்பிடுவோம், சங்குமுகம் கடற்கரையில் கால் நனைப்போம். சாயங்காலம் திரும்பி வந்தால் புது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைத் தருவார். வாடகை பத்து சதவீதம் ஏறியிருக்கும். மாமி ஆளுக்கு ஒரு டம்ளர் பால் பாயசம் தருவாள். பத்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

பாளையங்கோட்டை நண்பர்கள் புலம்பெயர்ந்த வாழ்க்கை பற்றி எழுதச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கடல் தாண்டியவள் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகள் சுற்றுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு ரயிலில் வந்து, கேரளத் தலைநகரின் தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு சூட்கேசோடும் ஒரு புருஷனோடும் இறங்கியவள். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இல்லை. ஆனால் எழுத்து மாறியது, பஸ் போர்டு மாறியது, அரிசி தடித்தது, மழைக்கு வேறு குணம் வந்தது. வீடு கேட்டுப் போன இடத்தில் முதல் கேள்வியே "பாண்டியாணோ?" என்று வந்தது, தமிழர்களுக்கு இங்கே வைத்திருக்கிற பெயர். அயல்நாடு என்பது அவ்வளவுதானே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பில் வீட்டுக்காரர் என்று எங்கும் எழுதப்போவதில்லை. நம் ஊரில் அந்தச் சொல் இரண்டு பேரைக் குறிக்கும். வாடகை வாங்குகிறவர் மாமா. என்னைக் கட்டிக்கொண்டவர் முருகேசன், சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் மேற்பார்வை பார்க்கிறார்.

2

எனக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வருகிற நோயாளிகளுக்கும் மலையாள டாக்டர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது. ஒருநாள் டாக்டர் ஒரு பாட்டாவின் கையைத் தட்டி, "சாரமில்ல, கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பரவாயில்லை, பயப்படாதீர்கள் என்று அர்த்தம். கிழவர் என்னைப் பார்த்து, "உடம்புல சாரமே இல்லன்னுட்டாரே தாயி" என்று அழுதார். அவரைத் தேற்ற எனக்கு ஒரு டீ நேரம் ஆனது. இப்படி நாள் முழுக்க மற்றவர்களின் வலியை ஒரு கரையிலிருந்து எடுத்து மறு கரையில் இறக்கிக்கொண்டே இருக்கிறேன். என் வாய் இரண்டு துறைக்கும் நடுவில் ஓடுகிற ஒரு சின்ன வள்ளம்.

யாழினிக்கு வள்ளம் வேண்டாம். அவள் மறு கரையிலேயே பிறந்தவள். பள்ளியில் மலையாளம், சிநேகிதிகளோடு மலையாளம், தூக்கத்தில் உளறுவதும் மலையாளம். என்னிடம் தமிழில் ஆரம்பிப்பாள். மூன்றாவது சொல்லில் கால் வழுக்கும். "அம்மா, நான் வெறுதே சொன்னதாக்கும், நீ டென்ஷன் அடிக்கண்டா." சும்மா சொன்னேன், கவலைப்படாதே என்கிறாள். பாளையங்கோட்டைக்குப் போனால் என் தங்கை பிள்ளைகள் அவளை வட்டமாக உட்காரவைத்து, "ஏட்டி, இன்னொருக்க பேசு" என்று கேட்டு உருண்டு சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ரயில் ஏறியபிறகு நான்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு பிள்ளை கண்முன்னே, சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தபடியே, தூரமாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கையை நீட்டினால் தொடலாம். கூப்பிட்டால் "எந்தா?" என்று கேட்கும்.

இந்த ஊர் விண்ணப்பங்களில் ஒரு கட்டம் உண்டு: வீட்டுப் பெயர். ரேஷன் கார்டோ பள்ளிச் சேர்க்கையோ எதுவானாலும் இங்கே ஒரு மனிதருக்கு முன்னால் ஒரு வீடு நிற்கிறது. முதல் தடவை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கவுன்டரில் இருந்தவர், "வீட்டுக்குப் பேரில்லயோ?" என்று அதிசயமாகக் கேட்டார். வீடே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மாமாவின் அப்பா தன் வீட்டுக்கு வைத்த பெயரை எழுதினேன். அன்றிலிருந்து 'ஸ்ரீநிகேதன்' என் பெயருக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது, வாடகைக்கு.

3

இந்த வருஷம் சாவி நாள் மாசியில் வந்தது. ஆற்றுக்கால் பொங்கலுக்கு ஊரெங்கும் தெருவோரம் அடுப்புக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாழினிக்கு ப்ளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சாவி நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மாடியேறி வந்தார். மூட்டுவலிக்காரர், ஏறுகிற ஆளே இல்லை. வந்து கதவுப் பக்கத்திலேயே நின்றார்.

"உக்காருங்க மாமா."

"உக்காரலே. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், கேட்டேளா. மாப்பிள்ளை பெங்களூர்லேந்து போன் பண்ணினார். மாடியை ஹோம்ஸ்டே ஆக்கணும்கறார். பெரிய கோயிலுக்கு வடக்கேர்ந்தெல்லாம் ஜனம் வரது. பின்ன, கழக்கூட்டத்துல ஐடி கம்பெனி வந்தப்புறம் இந்த ஊர் வாடகை என்னன்னு உங்களுக்கே அறியும்."

"நாங்க ஏத்தித் தர்றோமே மாமா. எப்பவும் தர்றதுதான்."

"ரெண்டு மடங்குன்னா பேசலாம்கறார். இல்லேன்னா இந்தத் தடவை சாவியை அப்படியே வெச்சுண்டுடுங்கோன்னு சொல்றார்."

"எங்களயா?" என்று முருகேசன் அப்பாவியாகக் கேட்டார்.

"உங்களை இல்லே. என்னை வெச்சுக்கச் சொல்றார்."

"யாழினிக்குப் பரீட்சை மாமா" என்றேன். அவர் அவளுடைய புத்தகக் குவியலைப் பார்த்தார். "அறியாம், அறியாம்" என்று, தெரியும் என்பதை மலையாளத்தில் முனகிக்கொண்டே கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மாமா கெட்டவர் இல்லை. அவருடைய முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்காக இங்கே வந்தவர்கள். வலியசாலைத் தெருவில் வேர்விட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. தாமிரபரணியை வாழ்நாளில் இரண்டு தடவையோ மூன்று தடவையோதான் பார்த்திருக்கிறார். ஆனாலும் நாங்கள் வீடு கேட்டு வந்தபோது "திருநெல்வேலியா? அப்ப நம்மூராச்சே!" என்று முகம் மலர்ந்தார். அடுத்த மூச்சில் "மீன் மட்டும் கூடாது" என்றார். கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் மீன் இல்லாமல் வாழ ஒத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கரமனையில் ஒரு ஹோட்டலில் போய் ஒளிந்து சாப்பிடுவோம், கல்லூரிக் காதலர்கள் மாதிரி.

4

அன்றைக்கு என் காதில் அப்பாவின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா பஸ் கண்டக்டர். பாளையங்கோட்டையிலேயே நாங்கள் தெருத் தெருவாக மாறியிருக்கிறோம். சாயங்காலம் வாடகைக்கு விட்டவர் வாசலில் வந்து நிற்பார். "அடுத்த மாசம் எங்களுக்கு வேண்டியதிருக்கு." அப்பா, "சரிங்க" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் என் பள்ளிக்கூடம் மாறும், சிநேகிதிகள் மாறுவார்கள், அம்மா தண்ணீர் பிடிக்கிற குழாய் மாறும். மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏறும். அம்மா கண்ணாடி போட்ட சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத மாதிரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஒருதடவை கேட்டேன்: "ஏன்பா போணும்?"

"அவங்க வீடு. அவங்க கேக்காங்க."

அந்தக் காலத்திலும் தமிழ்நாட்டில் வாடகைச் சட்டம் ஒன்று இருந்தது. காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது, கண்டபடி ஏற்ற முடியாது என்று அது சொல்லியது. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டு அவர் தினமும் கோர்ட் வாசலைத் தாண்டித்தான் போனார்.

5

முருகேசன் ஒரே பேச்சாக இருந்தார்.

"குடுத்திருவோம். மாமா நம்ம ஆளு. பிறத்தியான் மாதிரி மல்லுக்கு நிக்க முடியுமா?"

"குடுத்துட்டு எங்க போறது?"

"நேமம் பக்கம் பாப்போம். பாறசாலைப் பக்கம் வாடகை கம்மி."

"பரீட்சைக்கு அவ எங்கேருந்து வருவா? ரெண்டு பஸ் மாறியா?"

"எனக்கென்ன ஆசையா? அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராதுட்டி."

எனக்கும் வராது. அதுதான் உண்மை. மாமா, மாமி, நம்மூர், நம்ம ஆளு என்று தமிழில் கட்டிக்கொண்ட ஒவ்வொரு உறவுச் சொல்லும் ஒரு முடிச்சு. அத்தனை முடிச்சுக்கு நடுவில் நாங்கள் வாடகைக்காரர்கள் என்பதையே மறந்துபோனோம்.

யாழினி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "வக்கீலக் கேட்டா என்ன? அம்மா, வஞ்சியூர்ல ஃப்ரீ லீகல் எய்ட் உண்டு. ஸ்கூல்ல வந்து கிளாஸ் எடுத்தாங்க. லேடீஸ்ன்னா வருமானம் எதுவும் நோக்கில்லயாம்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்துக்குப் போனேன். மரத்தடி முழுக்கக் கறுப்புக் கோட்டுகள். இலவச சட்ட உதவி என்று எழுதிய அறையில் ஒரு இளம் வக்கீல் இருந்தார். தலை இன்னும் காயவில்லை, மேசையில் பாதி தின்ற நேந்திரம்பழம். "பறயூ" என்றார், சொல்லுங்கள் என்று.

நான் வாயைத் திறந்தேன். ஈரல் வீக்கம், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை இறக்கம் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் மலையாளத்தில் சொல்லத் தெரிந்த எனக்கு, என் வீடு போகிறது என்று சொல்லத் தெரியவில்லை. யாழினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எனக்காக ஒருத்தர் மொழிபெயர்ப்பது அதுதான் முதல் தடவை.

சாவி நாள் என்ற இடத்தில் வக்கீல் நிமிர்ந்தார்.

"எந்தா? தட்டில வச்சு? பாயசமும் உண்டோ?" அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சாரே, இது கேட்டோ" என்று முழுக் கதையையும் திரும்பச் சொல்லவைத்தார். இருவரும் சிரித்தார்கள். பிறகு சட்டென்று முகம் மாறி என் பக்கம் திரும்பினார். எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சேச்சி, கீ கொடுக்கருது."

கொடுக்கவே கூடாது. அது பண்டிகை இல்லை, சேச்சி. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நீங்களாகவே வீட்டை ஒப்படைத்ததாக ஆகிவிடுகிறது. சாயங்காலம் சாவி திரும்பி வரும்வரை நீங்கள் வெறும் வழிப்போக்கர்கள். இத்தனை வருஷம் திரும்பி வந்தது அவருடைய நல்ல மனசு, சட்டம் காரணமில்லை.

வாழைப்பழத்தை முடித்துவிட்டு மீதியைச் சொன்னார். கேரளத்தின் வாடகைச் சட்டம் பழையது, ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்தத் தேதி முடிந்தது என்பதற்காக மட்டும் குடியிருப்பவரை இறக்கிவிட முடியாது. வாடகைக் கட்டுப்பாட்டு கோர்ட்டுக்குப் போய்க் காரணம் காட்டவேண்டும்: வாடகை பாக்கி, வீட்டுக்குச் சேதம், உள்வாடகை, அல்லது தனக்கோ தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கோ உண்மையாகவே வீடு தேவை என்பது போல. பெங்களூர் மருமகன் ஹோம்ஸ்டே நடத்துவது அந்தத் தேவையில் வருமா என்று கோர்ட் துருவிக் கேட்கும். தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தி நெருக்கினால் அதற்கும் புகார் சொல்ல இடமுண்டு. வாடகை வாங்க மறுத்தால் எழுத்தில் கேட்டுவிட்டு மணியார்டரில் அனுப்பலாம். அனுப்பாமல் மட்டும் இருக்கக் கூடாது.

"ஏத்துறதுக்கு?" என்று யாழினி கேட்டாள்.

அங்கேதான் வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். நியாய வாடகை என்ற ஒன்றை கோர்ட் நிர்ணயிக்கலாம். ஆனால் அந்தப் பகுதியிலேயே வழக்கும் குழப்பமும் ஏராளம். ஒருவர் வாயால் இரண்டு மடங்கு என்று சொல்லிவிட்டால் அது வாடகை ஆகிவிடாது. அதற்காக இத்தனை வருஷத்துக்கு முன்பு பேசியதிலேயே நிற்பதும் நடக்காது. "முதலில் சம்சாரிக்கணும்" என்றார். பேசுங்கள். கோர்ட்டு என்பது ஆஸ்பத்திரி மாதிரி. உள்ளே போனால் வெளியே வருகிற தேதியை யாரும் சொல்ல மாட்டார்கள். நீண்ட ஒப்பந்தமாகக் கேளுங்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்யவேண்டும் என்பதால்தான் எல்லாரும் பதினோரு மாதத்தில் ஒளிந்துகொள்கிறார்கள்.

வெளியே வந்தபோது வெயில் எரித்தது. யாழினி, "அந்த வக்கீல் சூப்பர் அல்லே?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். சின்ன வயதில் நான் அவள் கையைப் பிடிப்பேன். இப்போது யார் கையை யார் பிடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாம். கணவாய் தாண்டினால் சட்டமும் மாறுகிறது. தமிழ்நாட்டில் பழையது போய்ப் புதியது வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிந்துகொள்ள வேண்டும், பேசிய காலம் முடிந்தபிறகும் இருந்தால் வாடகை ஏறும். ஏற்றுவதற்கு முன்னால் அவர்களும் எழுத்தில் சொல்லவேண்டும். இங்கேயும் ஒருநாள் மாறும் என்கிறார்கள். எந்தப் பக்கம் இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "சரிங்க" என்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் மூச்சை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

6

சாவி நாள் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முருகேசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் சாவிக் கொத்து.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் உள்ள இருக்கேன்."

"பயமா?"

"பயமில்ல. வீட்டுக்குள்ள ஒரு ஆளு இருக்கது நல்லதுதானே?" என்றார் முகத்தைக் கெத்தாக வைத்துக்கொண்டு. சட்டத்தில் அதற்குள் இவ்வளவு தேறிவிட்டார்.

கீழே மாமா குளித்து விபூதி இட்டு நின்றார். தட்டு துலக்கிப் பளபளவென்று இருந்தது. சமையலறையிலிருந்து பால் சுண்டுகிற மணம். வெறும் கையோடு போய் நின்றேன்.

"சாவி?"

"கொண்டு வரல மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"இத்தனை வருஷம் இல்லாத சந்தேகம் இப்ப என்ன வந்தது?"

"சந்தேகம் இல்ல மாமா. பயம். குடுத்தா திரும்பி வராதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"வக்கீல்ட்ட போனேளாமே. வஞ்சியூர்ல பாத்தவா சொன்னா. நம்மவாளுக்குள்ளே கோர்ட்டு கச்சேரின்னு..." குரல் உடைந்தது. "நான் உங்களை அப்படியா நடத்தினேன்?"

தொண்டைக்குள் அப்பாவின் "சரிங்க" வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. மாடிக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கால் ஒரு அடி பின்வாங்கியும் விட்டது.

"அங்கிளே" என்றாள் யாழினி. "ஞங்ஙள் எவிடெயும் போகுன்னில்ல."

நாங்கள் எங்கும் போகவில்லை. கோபம் இல்லாமல், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நிறுத்தம் சொல்வது போலச் சொன்னாள். தொடர்ந்து மலையாளத்திலேயே பேசினாள். வாடகை கூட்டுங்கள், ஆனால் நியாயமாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக இரண்டு மடங்கு என்றால் அப்பாவின் சம்பளத்துக்கு முடியாது. மூன்று வருஷத்துக்கு எழுதுவோம், பதிவு செய்வோம். உங்களுக்கே வீடு தேவைப்பட்டால் அதைச் சொல்லுங்கள், கேட்கிறோம். ஆனால் சாவி தரமாட்டோம்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அவரும் மலையாளத்துக்கு மாறினார். வாழ்நாள் முழுக்க சர்க்கார் ஆபீஸில் கோப்பு பார்த்த மனிதர். முதுகு நிமிர்ந்தது. உடைந்த குரல் ஒட்டிக்கொண்டது. எந்த வக்கீல், என்ன சொன்னார், எத்தனை சதவீதம், எத்தனை வருஷம் என்று கேட்டார். யாழினி சொன்னாள். அவர் மறுத்தார். அவள் குறைத்தாள். அவர் ஏற்றினார். தமிழில் இருக்கும்வரை நாங்கள் மாமாவும் நன்றிகெட்ட பெண்ணுமாக இருந்தோம். மலையாளத்தில் ஒரு சொந்தக்காரரும் ஒரு குடியிருப்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். யாருக்கும் யாரும் கடன்பட்டிருக்கவில்லை. இத்தனை வருஷம் மகளைத் தூரமாகக் கொண்டுபோகிறது என்று நான் அழுத அந்த மொழியில், அவள் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்தபடி.

"எனிக்கறியாம் மோளே" என்று மாமா கடைசியில் சிரித்தார். என்னிடம் திரும்பித் தமிழில், "சாவி வாங்கறது என் அப்பாவுக்கு எந்த வக்கீலோ சொல்லிக்குடுத்த வித்தை. எனக்குத் தெரியாதா அது என்னன்னு? ஒருநாளாவது வெச்சுண்டேனா சொல்லுங்கோ" என்றார்.

"இல்ல மாமா. இந்த தடவ வெச்சுக்கச் சொல்லிருக்காங்கல்ல."

அவர் தட்டைப் பார்த்தார். பதில் சமையலறையிலிருந்து வந்தது.

"மாப்பிள்ளைக்குப் போன் போடுங்கோ. நான் பேசறேன்." மாமி கரண்டியோடு வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் மாமி இந்த விஷயத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"மாப்பிள்ளை, நன்னா இருக்கேளா? ஹோம்ஸ்டேன்னேளே, தினம் தினம் புதுசா வரவாளுக்குப் படுக்கை விரிக்கறது யாரு? காலம்பற காப்பி போடறது யாரு? பாத்ரூம் அலம்பறது யாரு? நீங்க பெங்களூர்லேந்து வந்து அலம்புவேளா?"

அந்தப் பக்கம் ஏதோ ஆள் வைக்கலாம் என்றது.

"ஆள் வெச்சா ஆளைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். எனக்கு முட்டி வலி, இவருக்கும் முட்டி வலி. ராத்திரி எங்களுக்கு ஒண்ணுன்னா மேலேர்ந்து ஓடி வர முருகேசன் இருக்கார். உங்க ஹோம்ஸ்டேக்காரா ஓடி வருவாளா? கன்யாகுமரி பாக்கப் போயிடுவா."

போன் இறங்கி வந்தது. "பாத்துக்கோங்கோ அம்மா" என்றது.

வாடகை ஏறியது. பத்து சதவீதத்தில் நிற்கவில்லை. இரண்டு மடங்கையும் தொடவில்லை. நாங்கள் கொஞ்சம் மூச்சுப் பிடித்தால் எட்டுகிற உயரத்தில் நின்றது. மூன்று வருஷம். வருஷா வருஷம் எவ்வளவு ஏறும் என்பதும் எழுத்தில்.

"ஒண்ணு மட்டும்" என்றார் மாமா. "மீன் கூடாது. அதையும் எழுதணும்."

"அது நியமத்தில் இல்ல அங்கிளே" என்றாள் யாழினி. சட்டத்தில் இல்லை என்கிறாள்.

"நியமத்துல இல்லே. இந்த ஆத்துல உண்டு."

மாடியிலிருந்து முருகேசன் குரல் கொடுத்தார்: "எட்டி, நான் கீழ வரலாமா?"

7

பத்திரப் பதிவு ஆபீஸில் மாமா கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை கண்டுபிடித்து, திருத்தவைத்து, குமாஸ்தாவைக் கதறவைத்தார். யாழினி பரீட்சையை இதே வீட்டிலிருந்து எழுதினாள். இப்போது வக்கீலுக்குப் படிக்கவேண்டும் என்கிறாள். பார்ப்போம், போன மாதம் விமானம் ஓட்டவேண்டும் என்றாள். மருமகன் கோபத்தில் இருக்கிறாராம். மூன்று வருஷம் கழித்து என்ன என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. படுத்தபடி காலை நீட்டினால் கட்டில் முடியவில்லை என்பது போல ஒரு நீளம்.

போன வாரம் முருகேசன் சாலைக் கடைத்தெருவில் ஒரு பழைய தேக்கு அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றரை ஆள் உயரம். நாங்கள் இதுவரை வாங்கியதெல்லாம் மடிகிற நாற்காலி, கழற்றுகிற கட்டில், பிளாஸ்டிக் அலமாரி. சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்க எதையும் இரண்டு பேர் தூக்க முடியுமா என்று பார்த்துத்தான் வாங்கியிருக்கிறோம். "வாங்குவோமா?" என்று தயங்கிக் கேட்டார். "வாங்குங்க" என்றேன்.

மாடிப்படியில் அது திரும்பவில்லை. சுமட்டுத் தொழிலாளிகள் நான்கு பேர் நீலச் சட்டையில் வந்து, கூலி பேசி, கோபித்துக்கொண்டு போய், டீ குடித்துத் திரும்பி வந்து, பால்கனிக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டினார்கள். தெருவே கூடிவிட்டது. அலமாரி மெல்லத் தரையை விட்டுக் கிளம்பியது. கீழே மாமா குடையை நீட்டி, "இடத்தோட்டு, இடத்தோட்டு! இடது பக்கம்! ஜன்னல் போயிடும், பாத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார். மாமி பாதிக் கண்ணை மூடிக்கொண்டாள். வானத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் அது ஒரு நொடி சுழன்று நின்றது, ஒரு வீடு தன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்த மாதிரி. பிறகு பால்கனிக்குள் இறங்கி, தொம் என்று உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. கீழே மாமாவின் கூரையும் அதிர்ந்திருக்கும்.

அவர் குடையை மடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"அது சரி, ஏத்தியாச்சு. போறச்சே இதை எப்படி எறக்குவேள்?"

நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அத நாங்க யோசிக்கவே இல்லயே மாமா!"